சிவப்பு காட்டாத திரை

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகர ஆய்வுக்கூடத்தில், ஆய்வாளர் ராவ்தா பைத்தான் கணினி மொழியில் எழுதிய கிளாஸ் என்ற நிரல்தொகுப்பைப் புகழாத ஆள் கிடையாது. ஹீட்டர், பம்ப், வெப்பமானி என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பாஷை. அத்தனையையும் ஒரே கிளாஸுக்குள் போர்த்தி, "சூடாக்கு", "நிறுத்து" என்றால் கேட்கும்படி செய்திருந்தாள். நல்ல காரியம்தான். ஆனால் போன மாதம் தலைநகரிலிருந்து பார்வையிட ஒரு குழு வந்தபோது, கருவிகளையும் கணினியையும் இணைக்கும் கேபிள் லூசாகித் திரை நாலு தரம் சிவந்தது. பேராசிரியரின் முகமும் சிவந்தது. பயந்துபோன ராவ்தா, மதிய இடைவேளையில் அவசரமாகச் சில வரிகள் சேர்த்தாள். கருவி பதில் சொல்லாவிட்டால் பிழை காட்டாதே, கடைசியாகச் சொன்னதையே திரும்பச் சொல். குழு கைதட்டிவிட்டுப் போனது. அந்த வரிகளை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். படித்தவர்கள் சோம்பேறித்தனத்துக்கு வேலைப்பளு என்று பெயர் வைத்துக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. கீழ்த்தளத்திலிருந்து டெக்னீஷியன் சாத்லி போன் செய்தார்; வயதில் மூத்தவர், எல்லோருக்கும் "அம்", அதாவது பெரியப்பா.

"மகளே, கலன் அறுபத்து நாலு டிகிரிலயே நிக்குது. எழுபதுக்குக் கீழன்னா தொறக்கலாம்னுதானே சொன்னே? சாம்பிள் எடுத்துட்டு வந்துடறேன். மீன் கூஸ்கூஸ் ஆறிடும்."

"எடுங்க, அம் சாத்லி. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

"டாக்டரம்மாவுக்குன்னு முள்ளு எடுத்து வச்சிருக்கேன்." சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

ராவ்தாவும் சிரித்தபடி தன் திரையைப் பார்த்தாள். 64.372. மறுபடியும் 64.372. மேலே உருட்டிப் பார்த்தாள். பதினெட்டு நிமிடமாக அதே எண்.  எந்த வெப்பமானியும் அப்படி அசையாமல் நிற்காது, கடைசி இலக்கமாவது ஆடும். கேபிள் கழன்றிருக்கிறது. ஹீட்டர் கடைசியாகக் கேட்ட கட்டளை "சூடாக்கு". மூடிய இரும்புக் கலனுக்குள் கரைப்பான் பதினெட்டு நிமிடமாகச் சூடேறிக்கொண்டிருக்கிறது; இப்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் ஆவி வெடித்து முகத்தில் பாயும்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. "நிறுத்து" என்று தட்டினாள். "ஹீட்டர் நின்றது" என்று உடனே பச்சையில் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அடுத்த நொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கேபிளே கழன்று கிடக்கும்போது கட்டளை எப்படிப் போய்ச் சேரும்? கட்டளை போகாவிட்டாலும் போனதாகவே காட்டு என்று, குழுவுக்காகச் சேர்த்த அதே வரிகளில் அவள்தானே எழுதினாள்.

படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். கதவு திறக்கவில்லை. அதைத் திறக்கும் அட்டை மேலே மேஜையில் கிடந்தது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கலனின் மூடிமேல் கை வைத்தபடி சாத்லி.

"தொறக்காதீங்க! அம் சாத்லி, தொறக்காதீங்க!" இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள்.

காற்றோட்ட விசிறியின் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்தார். நிதானமான மனிதர். எதற்கும் ஒரு தரம் பார்ப்போம் என்று திரைப்பக்கம் திரும்பினார்.

பச்சை எழுத்தைப் படித்தார். அவர் முகம் தெளிந்தது. அவளைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, மூடியைத் திருகினார்.