ஆறு மாத வீடு

பயிற்சி இடம் கேட்டுத் தவச்செல்வி போட்ட விண்ணப்பங்களை அடுக்கியிருந்தால் அவள் ஊரான பன்விலவில் ஒரு சுவரே எழும்பியிருக்கும். கடைசியில் கண்டி டவுனில் ஒரு கட்டடக் கம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. முதலாளி நியாஸ் ஒரு தாளை நீட்டினார்.

“மாடி வீடு ஒண்டு. ஆறு மாசத்தில முடிக்கோணும். வேலைத் திட்டம் போடுங்க மகள்.”

செல்வி மளமளவென்று நாட்களைக் கழித்தாள். ஞாயிறு, பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போன மேசன் பாஸ் திரும்பி வராத இரண்டு கிழமை, எல்லாம் போயின. ஆறு மாதத்தில் அத்திவாரமே முடியாததால் கண்டிப் பெரஹரா ஊர்வலமும் வந்து சேர்ந்தது. வீதியை மூடினால் மணல் லொறி எப்படி வரும்? அப்புறம் மழை. தாளில் வீடு முடிய இரண்டு வருஷமும் ஏழு மாதமும் ஆனது.

தாளைப் பார்த்த நியாஸ் விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

“இது எங்கட ஊடு,” என்றார் கடைசியில். “ஆறு மாசமெண்டுதான் தொடங்கின. போன கெழமதான் முடிஞ்சிச்சி. ரெண்டு வருஷம், ஏழு மாசம்! நாளைக்கே வேலைக்கு வாங்க.”

செல்வி தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“நாளைக்குப் போயாங்க, சேர்.”