வெட்டி எடுத்த குறைகள்

எங்கள் கடையில் ஒரு வண்டியை விற்கும் முன் அதன் குறைகளைச் சொல்லிவிடுவோம். அப்பா சேனாதிபதி வத்தலக்குண்டில் பழைய கார் வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். குறைகளைச் சொன்ன பிறகு, வாங்க வந்தவரையே ஓட்டச் சொல்லி, மலையடிவாரத்துக் காட்ரோடு தாண்டி மலைப்பாதையில் மூன்றாவது வளைவு வரை ஏற்றி இறக்கிக் காட்டுவோம். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான். பெயர்ப்பலகையில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர்கூட எங்களை ஏசியதில்லை. போன மாதம் வரை.

ரீல்ஸ் என்ற குட்டி வீடியோ சங்கதியைக் கொண்டுவந்தவன் என் தம்பி முருகவேல். அவனுக்கு வயது அறுபத்திரண்டு. சின்னப் பையன் செய்த காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வியாபாரம் படுத்திருந்தது உண்மை. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம், நோட்டீஸ் அடித்தோம். மாதம் ஒரு வண்டி போனால் அதிகம். பழனியில் லாட்ஜுகளுக்கும் பஞ்சாமிர்தக் கடைகளுக்கும் வீடியோ எடுத்துக் கொடுக்கும் புவனா என்ற பெண்ணை அவன் கூட்டி வந்தான். அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். வாங்க வந்த ஒருவரிடம் நான் குறை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"சார், இதேதான் வேணும். நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றாள்.

எடுத்தாள். 'குறை சொல்லி விற்கும் பெரியவர்' என்று போட்டாள். நாலு மாதத்தில் பதினேழு வண்டிகள் போயின. காமிராவில் பேசியது நான், வந்தவர்களுக்கு விற்றுக் கொடுத்தது முருகவேல். பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு காமிரா முன்னால் நின்றவன் நான்தான்.

சித்திரை பிறந்த வாரம் மதுரையில் எனக்குக் கண் ஆபரேஷன். போவதற்கு முதல் நாள் ஒரு வெள்ளை வேனைக் காட்டிக் காமிராவில் பேசினேன். திரும்பி வந்த பிறகும், பத்து நாள் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை. வேன் போய்விட்டது என்று மட்டும் முருகவேல் சொன்னான்.

பதினொன்றாம் நாள் காலை கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் நேராகக் கடைக்குள் வந்தாள். முப்பது வயது இருக்கும். அப்போது கடையில் இரண்டு பேர் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. என் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"இதுல பேசுறது நீங்கதானே?"

"நாந்தாம்மா."

"அப்பக் கேளுங்க."

என் குரல்தான். "சீட்டு ஓரத்துல கிழிஞ்சிருக்கு. ரேடியோ பாடாது. பாட்டு வேணும்னா நீங்கதான் பாடிக்கிடணும்." எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். பிறகு நான் வேனைத் தட்டிக் கொடுக்கிறேன். "மத்தபடி ஒரே ஆளு வச்சு ஓட்டுன வண்டி" என்கிறேன். அதோடு முடிந்துவிட்டது.

நான் பேசியது அதோடு முடியவில்லை. ரேடியோவுக்கும் 'மத்தபடி'க்கும் நடுவில், "இஞ்சின்ல இழுவை போயிருச்சு. எறக்கத்துல பிரேக் நிக்காது. மலைக்காரங்க யாரும் இதை வாங்கிராதீங்க, சமதரைக்கு மட்டும்தான் குடுப்பேன்" என்று சொல்லியிருந்தேன். அந்த இடம் காணோம்.

"நீ எந்த ஊரும்மா?" என்றேன்.

"பேத்துப்பாறை. பேரு பாண்டீஸ்வரி. பூண்டு ஏத்திக்கிட்டு கொடைக்கானல் ஏறுறப்ப ஏத்தத்துல நின்னுருச்சு. நின்னது பின்னால உருளுது. எங்க வீட்டுக்காரரு குதிச்சு எறங்கி டயருக்குக் கல்லு வச்சாரு. கல்லோட சேர்த்து வெரலும் போச்சு. ரெண்டு வெரலு." அவள் அழவில்லை. "மலைப்பாதையில ஓட்டிப் பாக்கணும்னு நான் கேட்டேன். இந்தா நிக்கிறாரே, இவருதான், 'எங்க அண்ணன் வாயால சொன்ன வண்டிக்கு ஓட்டிப் பாக்க என்னம்மா இருக்கு, வெரசா எடுத்துட்டுப் போ'ன்னாரு."

முருகவேல் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, வெட்டுனது யாரு?"

"அது புவனாண்ணே, நேரம் நீளமா இருக்குன்னு..."

புவனாவுக்குப் போன் போடச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"சார், சின்னக் குறை ரெண்டு இருந்தா சனங்க நம்பிருவாங்க, பெரிய குறை ஒண்ணு இருந்தா தள்ளிட்டுப் போயிருவாங்கன்னு சொன்னேன். அது உள்ளதுதான். ஆனா எதை வெட்டணும்னு நான் சொல்லல. எனக்கு எஞ்சினைப் பத்தி என்ன சார் தெரியும்? உங்க தம்பி எழுதி அனுப்பினது என் போன்ல கெடக்கு, படிக்கவா?"

படிக்க வேண்டாம் என்று முருகவேல் கையை ஆட்டினான். அந்தக் கை ஆட்டத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டி பார்க்க வந்த இரண்டு பேரும் சொல்லாமலே வெளியேறினார்கள்.

பொய்யை அவன் தன் வாயால் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். என் உண்மையையே எடுத்து நறுக்கிப் பொய்யாக்கியிருக்கிறான். கிழிந்த சீட்டை விட்டுவைத்துவிட்டுப் பிரேக்கை வெட்டியிருக்கிறான். குறை சொல்கிற மனிதன் என்று நம்பித்தான் அந்தப் பெண் வாங்கியிருக்கிறாள். நான் காமிரா முன்னால் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அவள் தப்பியிருப்பாள்.

"காரை எடு" என்றேன்.

முருகவேல் ஓட்ட, நான் பக்கத்தில், பாண்டீஸ்வரி பின் சீட்டில். மலைப்பாதையில் ஏறினோம். பெருமாள்மலை தாண்டிய பிறகு அவன்தான் மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணே, பதினேழு வண்டி போயிருக்கு. அதையும் பாக்கணும்ல. குறையைச் சொல்லிச் சொல்லியே நம்ம கடை ஈ ஓட்டிட்டுக் கெடந்துச்சு. ரீல்ஸ்தான் நம்மளைத் தூக்கி நிறுத்திச்சு."

"எதை வித்து நிறுத்துன?"

அவன் கியரை மாற்றினான்.

பேத்துப்பாறையில் அவர்கள் வீட்டு வாசலில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. வேன் பக்கத்திலேயே நின்றது; நாலு டயருக்கும் கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பாண்டீஸ்வரியின் கணவன் மாயன் கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். எழுந்திருக்கவில்லை.

"வாங்க, ரேடியோ பாடாதுன்னு சொன்னவரே. ரேடியோவா பெரியவரே எனக்கு? சீட்டு கிழிஞ்சிருக்காம்! பூண்டு மூட்டைக்குக் குத்திரும்னு சொன்னீங்களாக்கும்."

கைகூப்பினேன். வேனை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம், வைத்தியச் செலவும் எங்களுடையது என்றான் முருகவேல். அதுவரை நாணயமாகத்தான் பேசினான். அதற்குப் பிறகும் பேசினான்.

"இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா கடைக்குக் கஷ்டம். ஒரு பேப்பர் எழுதிக்கிருவோம்."

பாண்டீஸ்வரி பூண்டைத் தள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"காசைக் குடுத்து வாயை அடைச்சிட்டுப் போலாம்னு வந்தீங்களா? காசு வேணும், அது எங்க காசு. ஆனா எங்க வந்து எங்களை ஏமாத்துனீங்களோ, அங்கயே, அந்த ரீல்ஸ்லயே வந்து சொல்லுங்க. ரெண்டு லட்சம் பேரு பாத்திருக்கான் அதை. கீழ கமெண்ட்டுல 'இப்படி ஒரு மனுசனா'ன்னு எழுதியிருக்கான். இப்படி ஒரு மனுசன்தான்னு நான் காட்ட வேணாமா?"

"ஏ புள்ள, சும்மா இரு" என்றான் மாயன்.

"அவ சொல்றது சரி" என்றேன். "முருகவேலு, போனை எடு."

"அண்ணே, கிறுக்குப் புடிச்சிருக்கா? இது ஒண்ணு போதும், நாளைக்கே கடையப் பூட்டணும். அப்பா பேரு நாறிப்போகும்."

"நாறியாச்சுலே. இனிமே நாறாம இருக்கிறதுக்குத்தான் சொல்றேன். எடு."

வேனுக்கு முன்னால் நின்றேன். காலையில் போட்ட சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என் பெயரைச் சொன்னேன், அப்பாவின் பெயரைச் சொன்னேன். இந்த வேனின் இழுவையையும் பிரேக்கையும் பற்றி நான் சொன்னதை எங்கள் கடையே வெட்டி எறிந்தது என்றும், அதனால் ஒருவரின் இரண்டு விரல்கள் போயின என்றும் சொன்னேன். யார் வெட்டியது என்று சொல்லவில்லை. கடை என்றால் நானும் சேர்த்திதான். எங்களிடம் வீடியோ பார்த்து வாங்கிய எவரும் என்னைக் கூப்பிடலாம் என்று சொல்லி நம்பரையும் கொடுத்தேன்.

எடுத்து முடித்தும் முருகவேல் அதைப் போடவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அந்த வித்தை தெரியாது. போனை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தேன்.

"நீ போடும்மா."

அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல ஒரு முறை உற்றுப் பார்த்தாள். பிறகு அமுக்கினாள். "போயிருச்சு" என்றாள்.

வேனை இழுத்துப் போக வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மாயன் வழியனுப்ப எழவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

பெருமாள்மலைக்கு ஒரு மைல் இருக்கும்போது என் போன் அடித்தது. பழனி பக்கத்து ஆயக்குடியிலிருந்து ஒருவர். கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறாராம்.

"பெரியவரே, உங்க வீடியோவை இப்பத்தான் பாத்தேன். நான் தை மாசம் உங்ககிட்ட சிவப்புக் கார் எடுத்தேன். அதுல எதை வெட்டுனீங்க?"

அந்தக் கார் எனக்கு ஞாபகம் இருந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்கிறது, சரிசெய்யாமல் வேகமாக ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அந்த வீடியோவையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. வணக்கங்களை மட்டும் வாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு தம்பியைப் பார்த்தேன்.

"ஒண்ணுதான்னு நெனச்சேன். எத்தனைலே?"

அவன் ரோட்டையே பார்த்தான்.

"எத்தனைன்னு கேட்டேன்."

"ஆறுண்ணே."

அறைந்திருப்பேன். வளைவில் இருந்தோம்.

"ஐயா," என்றேன் போனில், "அந்த வண்டியை இன்னைக்கு யாரும் எடுக்க வேணாம். நாங்க வர்றோம்."

பெருமாள்மலை வந்தது. நேரே போனால் வத்தலக்குண்டு, இடது பக்கம் பிரிவது பழனி ரோடு. முருகவேல் நேரே போகப் பார்த்தான்.

"பழனிக்குத் திருப்பு" என்றேன்.

"கடைக்குப் போயிட்டு நாளைக்கு வெள்ளனே போவோம்ணே."

"மிச்ச நாலு பேரு நம்பரையும் சொல்லிக்கிட்டே ஓட்டு. போன் போட்டு யாரும் வண்டியத் தொடாதீங்கன்னு சொல்றேன். திருப்புலே."

திருப்பினான்.