ஏழாம் தூணுக்கு அந்தப்பக்கம்

கிழக்கே கடல் இன்னும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கிறிஸ்டினா அதற்குள் பதினோரு கூடை ஐஸ் சுமந்துவிட்டாள். சும்மாட்டுத் துணி நனைந்து, குளிர்ந்த நீர் பிடரி வழியாக இறங்கி முதுகை அறுத்தது. காது இரண்டும் மரத்துப் போயிருந்தன.

ஐஸ் பார் ஒன்று ஒரு ஆள் இடுப்பு உயரம் இருக்கும். ஐம்பது கிலோ. இரும்புக் கொக்கி போட்டு அதைச் சிமெண்டுத் தரையில் இழுத்துவந்து, மெஷினின் வாயில் சாய்க்க வேண்டும். உள்ளே இரும்புப் பற்கள் பதித்த உருளை சுழலும். அது கடித்துத் துப்புகிற தூள் கீழே ஆலங்கட்டியாகக் கொட்டும். ரமாபாய் அதை மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் போடுவாள். பெண்கள் தலையில் ஏற்றிப் படகுகளுக்கும் ஏலக்கூடத்துக்கும் ஓடுவார்கள். ஐஸ் உருகுவதற்குள் ஓட வேண்டும்.

அந்த மெஷினுக்கு ஒரு மூடி உண்டு. நல்ல அறிவோடு செய்த மூடி. பாரைச் சாய்வான தகரத்தில் வைத்து மூடியைச் சாத்தினால்தான் மோட்டார் ஓடும். மூடியைத் தூக்கினால் தானாக நின்றுவிடும். பல்லும் கையும் ஒருபோதும் சந்திக்காது. ஆனால் ஒரு பாருக்கு அரை நிமிடம் கூடுதலாகும். அந்த அரை நிமிடத்துக்காகக் காண்டிராக்ட் எடுத்தவர்கள் மூடியைக் கழற்றிவிட்டு, நிறுத்தும் கம்பிகளை முறுக்கி ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். மூடி மெஷினுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. அதன்மேல் யாரோ கோணி காயப் போட்டிருந்தார்கள்.

மூடியில்லாத வாயில் பாரின் கடைசித் துண்டு சிக்கிக்கொண்டு ஆடும். அதைக் கையால் தள்ள வேண்டும். இருபது நாளைக்கு முன்னால் கிறிஸ்டினாவின் தம்பி நெல்சன் தள்ளினான். அன்று கூடையில் விழுந்த ஐஸ் சிவப்பாக இருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

"இன்னிக்குத்தான மீட்டிங்கு?" என்றாள் ரமாபாய், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. வியாசர்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். நாக்கு கத்தி.

"பத்து மணிக்கு."

"மறுபடியும் மூணு வருசத்துக்கு ஐஸ் காண்டிராக்ட அவுங்களுக்கே குடுக்கப் போறானுங்க. நீ மேல குந்திகினு இன்னா பண்ணப்போற?"

ஏலக்கூடத்தையும் ஐஸ் முற்றத்தையும் நடத்துவது ஒன்பது பேர் கொண்ட வாரியம். படகுக்காரர்கள், வியாபாரிகள், கூலிக்காரர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. கூலிக்காரர் இடத்தில் ஜெயித்தவள் கிறிஸ்டினா. தலைவர் லோகநாதன், நான்கு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். ஐஸ் காண்டிராக்ட் வரலட்சுமி என்ற பெண்ணின் பெயரில் இருந்தது. வரலட்சுமி லோகநாதனின் மச்சினி என்பது கல்மண்டபத்தில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். காகிதத்தில் மட்டும் தெரியாது.

"கணக்குப் போட்டுட்டேன்," என்றாள் கிறிஸ்டினா. "அவுங்க அஞ்சி பேரு, நாங்க நாலு பேரு. ஆனா சொந்தக்காரங்க விசயம் வந்தா அந்த மெம்பரு வெளிய போயிடணும்னு ரூல் கீது. பதவி ஏத்துக்க சொல்லோ எல்லாரும் கையெயுத்துப் போட்டிருக்கோம். லோகநாதன் வெளிய போனா நாலுக்கு நாலு. சமமா வந்தா தீர்மானம் வியுந்துடும்."

ரமாபாய் சிரிக்கவில்லை. "உன் வூட்ல ஒரு நீலப் பொட்டி கீதே. அது யாரு குடுத்தது?"

கிறிஸ்டினாவுக்கு முகம் சுண்டியது. தேர்தல் முடிந்த வாரம் லோகநாதனின் ஆள் மற்ற எட்டு உறுப்பினர் வீட்டிலும் ஒரு புது ஐஸ் பெட்டி இறக்கிவிட்டுப் போனான். கனமான, நல்ல பெட்டி. அவள் அதில்தான் மாலையில் மீன் வைத்து விற்கிறாள்.

"அது கறிமீன் மாதிரிதான். யாரு வேணாம்ப்பாங்க?"

துறைமுகத்தில் வேலை முடிந்ததும் படகுக்காரர் ஆளுக்கு ஒரு கை மீன் குழம்புக்குக் கொடுப்பார். அதுதான் கறிமீன். அதை வாங்க யாரும் கூச மாட்டார்கள். அது உழைத்தவரின் பங்கு. பிறந்ததிலிருந்து கறிமீன் வாங்கி வளர்ந்தவள் பெட்டியையும் அப்படியே வாங்கிவிட்டாள்.

"அடப்போக்கா," என்றாள் ரமாபாய். "கறிமீன எல்லாருக்கும் எதிர்லதான் குடுப்பான். எல்லாருக்கும்தான் குடுப்பான். வேல முடிஞ்சி அப்பால குடுப்பான். இது வேல ஆரம்பிக்கறதுக்கு முந்தியே உன் வூட்டாண்ட வந்திச்சி. எனக்கு வந்திச்சா? தோ கூட தூக்கறாளே, இவளுக்கு வந்திச்சா?"

மெஷின் கத்திக்கொண்டிருந்தது. கிறிஸ்டினா பன்னிரண்டாவது கூடையைத் தூக்கிக்கொண்டு படகுகளை நோக்கி நடந்தாள்.

பத்து மணிக்கு அவள் வாரிய அலுவலக மாடிப்படியில் ஏறியபோது தலையில் நீலப் பெட்டி இருந்தது. கீழே ஐஸ் முற்றத்தில் முப்பது பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடியிருந்தார்கள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நெல்சனும் நின்றான்.

பெட்டியை மேசை நடுவில் வைத்தாள். அடியில் ஒட்டியிருந்த செதில் ஒன்று தீர்மானப் புத்தகத்தின்மேல் விழுந்தது.

"இன்னா தங்கச்சி, மீன் விக்க இங்கதான் எடம் கெடச்சிதா?" என்றார் லோகநாதன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"உங்க பொட்டி. திருப்பிக் குடுக்கறேன். வாங்கினது என் தப்பு. அத்தயும் எயுதிக்கோங்கம்மா."

வாரியச் செயலாளர் யசோதரா தலை நிமிர்ந்தார். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ஓட்டுரிமை இல்லை, பேனா மட்டும் உண்டு. எழுதினார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இன்னும் ஏழு வீட்டில் ஏழு பெட்டி இருந்தது.

"அப்பால இன்னொண்ணு," என்றாள் கிறிஸ்டினா. "ஐஸ் காண்டிராக்டு உங்க மச்சினி பேர்ல கீது. நடத்தை விதிப்படி நீங்க அத்தச் சொல்லிட்டு வெளிய போவணும்."

லோகநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "இந்தக் குப்பத்துல எவன் எவனுக்குச் சொந்தமில்ல? சொந்தக்காரன்லாம் வெளிய போனா இந்த நாற்காலிங்கதான் மீட்டிங்கு போடணும். நான் ஞாயமா முடிவு எடுக்க மாட்டேன்னு சொல்றியா?"

"நீங்க ஞாயமானவரா இல்லியான்னு நான் கேக்கவே இல்ல. இக்னேஷியஸ் அண்ணன் ஞாயமானவரு. அவரு இன்னாத்துக்கு ஏழாந் தூணுக்கு அந்தாண்ட போயி நிக்கறாரு?"

எல்லோரும் இக்னேஷியஸைப் பார்த்தார்கள். முப்பது வருடமாக ஏலம் கூவுகிறவர். வாரியத்தில் லோகநாதன் கை தூக்கினால் அடுத்த கை அவருடையது. ஏலக்கூடத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் மகன் படகின் மீன் கூடத்துக்குள் வந்தால் தோள் துண்டை எடுத்து வேறொருவர் தோளில் போட்டு, அவரைக் கூவவிடுவார். ஏழாம் தூணைத் தாண்டிப்போய்த் தண்ணீர்க் குழாயைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அந்தக் குவியல் விற்றுத் தீரும்வரை திரும்ப மாட்டார். அவருக்கு முன்னால் கூவியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். காரணம் எளிது. ஏலம் ஓடுவது கூவுகிறவரின் கண்ணை வைத்து. எந்தக் கையைப் பார்த்தார், எங்கே ஒரு மூச்சு நிறுத்தினார் என்று வியாபாரிகள் படித்துக்கொண்டே இருப்பார்கள். அவர் நேர்மையாகவே கூவினாலும் ஒருவனுக்குச் சந்தேகம் வந்தால் போதும், அவன் கேட்பதை நிறுத்துவான். அவனைப் பார்த்து அடுத்தவன் நிறுத்துவான். அப்புறம் எல்லாப் படகு மீனும் தரையில் கிடக்கும்.

இக்னேஷியஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓகோ," என்றார் லோகநாதன். குரலில் இருந்த தங்கச்சி போய்விட்டாள். "தூணு கத சொல்றியா? மெஷின்ல வெரல வுட்டவன் யாரு? உன் தம்பி. எங்க மேல புகார் குடுத்துகினு நஷ்டஈடு கேக்கறவன் யாரு? உன் தம்பி. இந்த காண்டிராக்ட நீ எதுக்குறது உன் தம்பிக்காவ இல்லியா? நான் சொந்தக்காரன்னா நீ யாருடி? மொதல்ல நீ எய்ந்து போ!"

அவள் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. யசோதராவைப் பார்த்தாள்.

"விதி உங்களுக்கும்தான் பொருந்தும்மா," என்றார் யசோதரா, மெதுவாக. "உடன்பிறந்தவர்னு போட்டிருக்கு."

அவள் போனால் நாலு பேர் மூன்று பேர் ஆவார்கள். லோகநாதனும் போனால்கூட எதிரில் நாலு கை இருக்கும். தோல்வி உறுதி. ஜன்னலுக்குக் கீழே முப்பது பேர் நிற்கிறார்கள். உட்கார்ந்துவிடலாம். லோகநாதன் உட்காரவில்லையா? ஆனால் அவள் உட்கார்ந்தால், பிறகு அவரை எழுந்திரு என்று சொல்ல இந்தத் துறைமுகத்தில் யாருக்கும் வாய் இருக்காது.

"எயுதிக்கோங்கம்மா. நெல்சன் என் தம்பி. அதனால நான் வெளிய போறேன்," என்றாள். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

கீழே அவளை வரவேற்றது வசவுதான்.

"கை தூக்கச் சொல்லி அனுப்ச்சா எறங்கி வந்துக்கினு கீறா பாரு!" என்று ஒருத்தி கத்தினாள். "பொட்டிக்காரி பொட்டிக்காரிதான்!"

"ஓட்டுப் போட்டமே, அத்தச் சொல்லணும்," என்றாள் இன்னொருத்தி.

நெல்சன் மட்டும் அருகில் வந்தான். "என்னாலயாக்கா?"

"உன்னால இல்லடா. ஒயுங்குன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"ஒயுங்கு என் வெரல மொளைக்க வைக்குமா?"

அப்போது மேலே ஜன்னல் வழியாக இக்னேஷியஸின் குரல் கேட்டது. கூவிப் பழகிய தொண்டை. முற்றம் முழுக்கக் கேட்கும்.

"தலைவரே, எய்ந்திரு."

"இன்னா அண்ணே, நீயுமா?"

"அந்தப் பொண்ணு தோக்கப்போறோம்னு தெரிஞ்சே எய்ந்து போச்சி. நான் எம்புள்ள மீனுக்கே திரும்பி நிக்கறவன். உன் மச்சினி ஐஸுக்கு இங்க குந்திகினு கை தூக்கினா, நாளிக்கிக் காலைல எந்த மூஞ்ச வெச்சிகினு கூவுவேன்? எய்ந்திரு நைனா."

பிறகு யசோதராவின் குரல்: "தலைவர் இருக்கும்போது எடுக்கிற முடிவை நான் பதிவு பண்ண மாட்டேன் சார். பண்ணா என் கையெழுத்துக்கு மரியாதை இல்ல."

நாற்காலி ஒன்று பின்னால் சாய்ந்து விழுந்தது. லோகநாதன் படியிறங்கி வந்தார். வழியிலிருந்த ஐஸ் கூடையை எட்டி உதைத்தார். தூள் ஐஸ் பெண்களின் கால்களில் சிதறியது.

"சந்தோசமா?" என்று கிறிஸ்டினாவின் முகத்துக்கு நேராகக் கேட்டார். "நாளைலேர்ந்து உன் மீன்கூடை இந்தக் கூடத்துல எறங்காது. தெரிஞ்சிக்கோ."

"கூடத்த உங்க வூட்டு ஹாலுன்னு நெனச்சிகினு கீறீங்க. அதான் பேஜாரே," என்றாள் ரமாபாய்.

"நீ யாருடி?"

"ஐஸ் அள்றவ. உங்க படகுல நாறாம கீற மீனுக்கெல்லாம் நாந்தான் காரணம்."

யாரோ சிரித்தார்கள். லோகநாதன் சிரித்தவளைத் தேடினார். முப்பது முகங்களும் ஒரே மாதிரி அவரைத் திரும்பிப் பார்த்தன.

கால் மணி நேரத்தில் யசோதரா இறங்கி வந்து படித்துச் சொன்னார். ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று, ஒருவர் கை தூக்கவில்லை. தீர்மானம் விழுந்தது. பதினைந்து நாளில் மறுபடி கூட்டம். அதுவரை பழைய காண்டிராக்டே தொடரும்.

"அப்ப மெஷினு?" என்றாள் ரமாபாய்.

"அதைப்பத்தி முடிவு எதுவும் இல்லம்மா."

லோகநாதன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "கேட்டுகினீங்களா? பதினஞ்சி நாளு கயிச்சிப் பாத்துக்கலாம். போங்க, வேலையப் பாருங்க. படகு நிக்குது."

அவர் போன பிறகு யாரும் நகரவில்லை. மெஷினின் திறந்த வாயைப் பார்த்தபடி நின்றார்கள். பதினைந்து நாள். ஒரு நாளைக்கு இருநூறு பார். இருநூறு கடைசித் துண்டு.

"மேல எனக்கு இந்த விசயத்துல வாய் இல்ல," என்றாள் கிறிஸ்டினா. "இங்க நான் ஐஸ் தூக்கறவ. இங்க பேசலாம். இந்த மெஷினு வர்றதுக்கு முந்தி நம்ம எப்டி ஒடச்சோம்?"

"கோணில சுத்தி, கட்டையால," என்றாள் முதலில் வசைபாடியவள். அவள் குரலில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அது இப்போது வேறு பக்கம் பார்த்தது. "தோளு கழண்டுடும்க்கா."

"ஒருத்தி அடிச்சா கழண்டுடும். மாத்தி மாத்தி அடிச்சா?"

மறுநாள் விடிகிறபோது மெஷின் கத்தவில்லை. அதற்குப் பதிலாகத் தொம் தொம் என்று மரக்கட்டைகள் விழும் ஓசை துறைமுகம் முழுக்கக் கேட்டது. பாரைக் கோணியில் சுற்றி, நாலு பேர் நாலு பக்கம் நின்று அடித்தார்கள். பத்து அடிக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள். நெல்சன் இடது கையால் கோணி வாயை இறுக்கிப் பிடித்திருந்தான். தூள் பெரிதும் சிறிதுமாக வந்தது. படகுகள் காத்திருந்தன. ஓட்டுநர்கள் திட்டினார்கள். சிலர் திட்டிக்கொண்டே இறங்கிவந்து கட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

காண்டிராக்டுக்காரர்களின் மேஸ்திரி நோட்டுப் புத்தகத்தோடு ஓடிவந்தான். "யார்ரா மெஷின நிறுத்தினது? யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. கூடிப் பேசி முடிவு பண்ணோம். மூடியப் போடு, மெஷின ஓட்டறோம்," என்றாள் கிறிஸ்டினா.

"பேரச் சொல்லுங்க. அத்தினி பேரையும் எயுதிகினு வரச் சொன்னாரு தலைவரு. எயுதின பேருக்கு நாளிக்கி வேல இல்ல."

ரமாபாய் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ரமாபாய். ஒயுங்கா எயுது, கிறுக்காத."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஐஸ் முற்றத்திலிருந்து வரிசை வளர்ந்து, ஏலக்கூடத்துக்குள் நுழைந்து, ஏழாம் தூண்வரை போனது. தூணருகே இக்னேஷியஸ் நீலப் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தார். மேஸ்திரி பக்கம் புரட்டினான்.

"நீ மெம்பராச்சே," என்றான் கிறிஸ்டினாவின் முறை வந்தபோது. "நீ வெளிய போவலியா?"

அவள் உள்ளங்கைக் கொப்புளத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இங்கேர்ந்தா?" என்றாள். "எயுது."