நெற்றி கேட்டு வந்தவள்

புதுக் கேமராவுக்கு முதல் பலி அக்காதான்.

பெட்டியைப் பிரித்த கையோடு, கல்லாவில் உட்கார்ந்திருந்த அக்காவை ஒரு படம் எடுத்தான் போட்டோக்காரன். கம்ப்யூட்டர் திரையில் அதைத் திறந்து பெரிதாக்கினான். போதாதென்று இன்னும் பெரிதாக்கினான். அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, சல்லடையா?"

"உன் மூக்குக்கா."

"திருப்பி அனுப்பு."

"அறுபது மெகாபிக்ஸல்க்கா! உன் கண்ணுக்குள்ள பாரு, எதிர் ஜன்னல் தெரியுது. ஜன்னல்ல ஈ உக்காந்திருக்கறது தெரியுது!"

"ஈக்குப் போட்டோ எடுக்கவா கடை வச்சிருக்கோம்? பாஸ்போர்ட் படம் எடுக்க வர்றவங்க இதைப் பாத்தா, பாஸ்போர்ட் இல்லாமலே நாட்டை விட்டு ஓடிடுவாங்க."

அவன் காதில் எதுவும் விழவில்லை. சுவரை எடுத்தான், செருப்பை எடுத்தான், குழாயில் தொங்கிய சொட்டை எடுத்தான். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அந்தப் பூரிப்பிலேயே கேமராவைத் தன் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

பூரிப்பு அதோடு சரி.

திரையில், நெற்றி முடிந்து முடி தொடங்கும் இடத்தில், மெல்லிய வலை தெரிந்தது. கொசுவலையில் புல் முளைத்ததுபோல் கண்ணுக்குக் கண் முடி. ஓரத்தில் காய்ந்த பசை பொருக்குத் தட்டியிருந்தது.

அவன் தலையில் இருந்தது டோப்பா. அந்த ரகசியம் அக்காவுக்கு மட்டுமே தெரியும். பக்கத்துக் கடை ரொட்டிக் கடையாக இருந்திருந்தால் இது ஒரு பெரிய சங்கதியே இல்லை. பக்கத்துக் கடை விக் கடை. அதை நடத்துகிறவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மயிரிழை கனமே உள்ள கொக்கி ஊசியால் வலையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுவாள். அவளைத்தான் அவன் மூன்று வருடங்களாக மனதில் வைத்துக்கொண்டு தவித்தான். கேட்டுவிட ஆசை. கேட்டு, அவளும் சரி என்று சொல்லி, பிறகு ஒருநாள் டோப்பா தலையணையோடு தங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"கொல்லன் தெருவுல ஊசி விக்கறதே கஷ்டம். நீ ஊசியை ஒளிச்சு வைக்கப் பாக்கறியேடா!" என்று அக்கா எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

அன்று மதியமே விக் கடைக்காரி வந்து நின்றாள்.

"போட்டோ சார், எனக்கு ஒரு நெத்தி வேணும்."

"என்னது?"

"கடைக்குப் பெரிய பலகை வைக்கப் போறேன். ரெண்டே ரெண்டு நெத்தி. ஒண்ணு என்னோடது, நான் செஞ்ச விக்கோட. இன்னொண்ணு நிஜ முடி. மேல, 'எது நிஜம்?'னு ஒரு கேள்வி. நிஜ முடிக்கு உங்க நெத்தியைக் கேக்கலாம்னு வந்தேன். புதுக் கேமரா ஒரு முடியைக்கூட விடாதாமே?"

"அக்கா நெத்தி இருக்கே! நல்ல அகலம்."

"என்னை இழுக்காதே," என்றது கல்லா.

மறுக்க வழியில்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் விளக்கைப் போட்டு, முதலில் அவளைப் படம் எடுத்தான். பிறகு, வயதான முகங்களின் சுருக்கத்தை மறைக்க அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் செய்த வேலையை அவனும் செய்தான்: யாரும் பார்க்காதபோது லென்ஸின் முன்கண்ணாடியில் ஒரு விரல் வாசலின் தடவினான். முகம் கழுவிவிட்டு வந்து, தைரியமாக முக்காலியில் உட்கார்ந்தான். அவள் பொத்தானை அழுத்தினாள்.

மேசைக்கு வந்து, அவளுடைய படத்தை முதலில் திறந்தார்கள். எவ்வளவு பெரிதாக்கியும் வலையைக் காணோம், முடிச்சைக் காணோம். தோலிலிருந்தே முளைத்த முடிபோல் இருந்தது.

"எப்படிங்க?" பயத்தை மறந்து கேட்டான்.

"முன்வரிசையில ஒத்தை ஒத்தை முடியாக் கட்டணும். சோம்பல்பட்டு ரெண்டு சேர்த்துக் கட்டினா காட்டிக்கொடுத்துடும். சரி, இப்ப உங்களது."

பனிமூட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தான். பளிங்குபோல் வந்தது படம். புருவத்து வியர்வைத் துளிக்குள் ஸ்டுடியோ விளக்கு எரிந்தது.

"அக்கா! லென்ஸைத் தொட்டியா?"

"பிசுபிசுன்னு என்னமோ இருந்துச்சுடா. துடைச்சுவிட்டேன். புதுப் பொருள் இல்லையா?"

விக் கடைக்காரியின் விரல் மவுஸ் சக்கரத்தை மெல்ல உருட்டியது. புருவம் போயிற்று. ஒரு சுருக்கம் போயிற்று. இன்னொரு சுருக்கமும் போனது. கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்க அவன் மேசைக்கு அடியில் பாய்ந்தான். முழங்கால் மேசைக் காலில் நங்கென்று மோதியது. வலியோடு வயரைப் பிடித்து இழுத்தான். நின்றது மின்விசிறி.

மேலேயிருந்து அவள் குரல் கேட்டது. "பசை எங்க வாங்கினீங்க?"

"எந்தப் பசை?"

"வெளியில வாங்க."

"இங்கயே காத்தோட்டமா இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு அவளும் உள்ளே நுழைந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"எப்பலருந்து தெரியும்?" என்றான்.

"நீங்க கடை திறந்த அன்னிக்கே. காத்து அடிச்சுது. எல்லார் தலையிலயும் முடி பறந்துச்சு. உங்க தலையில மட்டும் எல்லா முடியும் கலந்து பேசி, ஒரே முடிவா எழுந்திரிச்சுது."

"தெரிஞ்சுமா நெத்தி கேட்டீங்க?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன். தினமும் கடை அடைக்கற நேரத்துல வந்து நிப்பீங்க. வாயைத் திறப்பீங்க. கை தலைக்குப் போகும். 'மழை வர்ற மாதிரி இருக்கு'ன்னுட்டுப் போயிடுவீங்க. மூணு வருஷமா நானும் குடையோட உக்காந்திருக்கேன். கேமரா வந்திருக்குன்னு அக்கா சொன்னாங்க. சரி, அதாவது வாயைத் திறக்கட்டுமேன்னு வந்தேன்."

அவன் நெற்றியோரத்தைப் பற்றி ஒரே இழுவையில் டோப்பாவைக் கழற்றினான். மடியில் பூனைக்குட்டிபோல் வைத்துக்கொண்டான்.

"நான் மழையைப் பத்திப் பேச வரலைங்க."

"ம்."

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவள் கையை நீட்டினாள். டோப்பாவை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். தையலை இழுத்துப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். அவனுக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

"இதைச் செஞ்சவங்களுக்கு உங்க மேல என்ன கோபமோ தெரியல," என்றாள் கடைசியில். "எனக்கு ஒரே ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"கல்யாணப் போட்டோவுல உங்க தலையில என் கைவேலை இருக்கணும், இல்லன்னா வெறுந்தலையா நிக்கணும். இந்தச் சனியன் மட்டும் கூடாது. தொழில்ல எனக்கு ஒரு பேர் இருக்கில்ல?"

சந்தோஷத்தில் அவன் அப்படியே எழுந்தான். மேசை மடேர் என்றது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா, ஒரு கையால் தலையையும் மறு கையால் முழங்காலையும் தேய்த்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன். ஏம்மா, முடிச்சுப் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க அண்ணி," என்று மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அடுத்த வாரமே பலகை ஏறிவிட்டது. இடப்பக்கம் அவள் நெற்றி. வலப்பக்கம் அவனுடைய வெறுந்தலை, அதில் பிரதிபலிக்கும் ஸ்டுடியோ விளக்கு சகிதம். 'எது நிஜம்?' என்ற கேள்விக்கு இதுவரை ஒருவர்கூடத் தப்பாகப் பதில் சொல்லவில்லை. ஆனால் கடைக்குள் வராமலும் போகவில்லை.

கல்யாணப் படத்தை மட்டும் பழைய கேமராவில்தான் எடுக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள்.