இலக்கு துறைமுகத்துக்குப் போனது

மாவட்டப் போட்டியில் கடைசி அம்பைத் தவறவிட்ட பிறகு, ஷிங்கோ மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் பள்ளி வில்வித்தைக் கூடத்தின் இலக்குப் பலகை கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்றார் பயிற்சியாளர்.

ஷிங்கோ தாராளமாக மன்னிப்புக் கேட்பவன். காலை வணக்கத்துக்குப் பதிலாகவே அதைத்தான் சொன்னான். மழைக்காலம் முடிவதற்குள் இலக்கு மதில் சுவரைத் தாண்டி, ரயில் நிலையத்தையும் தாண்டி, துறைமுகத்துக்குப் போய்விட்டது.

அவன் தலைகுனிந்தால் கூரையிலிருந்து செர்ரிப் பூக்கள் உதிர்ந்தன. பூக்கும் பருவம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் உதிர்ந்தன. தன் சோகத்துக்கு அது எடுப்பாகத்தான் இருக்கிறது என்று அவனுக்கு உள்ளூர ஒரு நினைப்பு. கூட்டிப் பெருக்கியது அணித்தோழி ரின்கோ.

"வருத்தப்படணும்னா வெளிய போய்ப் படு," என்றாள் அவள், விளக்குமாறும் கையுமாக.

"மன்னிச்சிடு."

துறைமுகப் பக்கம் ஏதோ நகரும் சத்தம் கேட்டது.

விட்ட அம்புகளைப் பொறுக்கப் பேருந்தில் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் அணித்தலைவன் நவோகியும் கூட வந்தான். சின்ன வயதிலிருந்தே நண்பன். போட்டிக்குப் பிறகு அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம்தான் என்று ஷிங்கோ முடிவு செய்து, அதற்கேற்ற முகம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தான்.

இலக்கு ஒரு மீன் கடையில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. கடைக்கார அம்மாள் வாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் தோத்தோம்," என்று ஷிங்கோ ஆரம்பித்தான்.

"இல்லடா. நான் விட்ட அம்பும் படல. அடுத்து நீ விட்ட. உன்னுது விளம்பரப் பலகையில போய்க் குத்துச்சு. எல்லாரும் அதையே பாத்தாங்க. என்னுத ஒருத்தரும் கவனிக்கல." நவோகி கடலைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதான் உன் முகத்தப் பாக்க முடியல."

ஷிங்கோவுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. சோறு தண்ணி இல்லாமல் வளர்த்த குற்ற உணர்ச்சி. இவன் நோகாமல் வந்து பங்கு கேட்கிறான்.

"அது என்னுதுடா."

"பாதி என்னுது."

"பூவெல்லாம் கொட்டுனது எனக்குத்தான்."

"வியாபார நேரத்துல சண்டை போடாதீங்கப்பா," என்றார் கடைக்கார அம்மாள். "இங்க வைங்க அத."

ஷிங்கோ சட்டைக்குள் கைவிட்டு, அந்தக் குற்ற உணர்ச்சியை எடுத்து மீன் வெட்டும் பலகைமேல் வைத்தான். ஈரமாக இருந்தது. அவன் போட்ட ஆர்ப்பாட்டத்துக்கு அது ரொம்பச் சின்னதுதான். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அம்மாள் கத்தியைத் துடைத்து, நடுவில் வெட்டி, இரண்டு தாள்களில் சுற்றினார்.

"ஐஸ் போடவா?"

"வேணாங்க. பக்கத்துலதான் போறோம்," என்றான் நவோகி.

திரும்பும்போது இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். மடியில் ஆளுக்கொரு பொட்டலம். கொஞ்ச நேரத்தில் நவோகி அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். ஷிங்கோ அசையாமல் இருந்தான்.

நவோகியின் பொட்டலம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இறங்கும்வரை ஷிங்கோ அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.