அட்டையில் இல்லாத பன்னிரண்டாவது வரி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியானால் என் கணவர் போருக்குக் கிளம்பிவிடுவார். தூரமெல்லாம் இல்லை, சாப்பாட்டு மேஜை வரைதான். வாரத்தில் ஆறு நாள் அந்த மேஜையில் நான் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டுகிறேன். ஏழாம் நாள் அதன்மேல் மலை முளைத்துவிடும்.

அவர் பல் செட் செய்கிறவர். பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டரில்தான் மலை, கணவாய், ஓடைக்கரை, அதன் குறுக்கே ஒரு பாலம் எல்லாம் செய்திருக்கிறார். சிப்பாய்கள் கட்டைவிரலில் பாதி இருப்பார்கள். கடல் தாண்டி வந்த சிவப்புச் சட்டைப் பட்டாளம் ஒன்று கணவாயைத் தாண்டி மலைக்காரர்களின் ஊரைப் பிடிக்க வேண்டும். மலைக்காரர்கள் விடக்கூடாது. இதுதான் ஆட்டம். அடுத்தவன் ஊருக்குள் துப்பாக்கியோடு போய்விட்டு, அவன் சுடுகிறான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பட்டாளத்தை இவர் ஆடுகிறார். மலைக்காரர்களை ஆட எதிரே ஆள் கிடையாது. அவர்களுக்காக ஓர் அட்டை ஆடுகிறது. 'எதிரி ஒரு சாண் தூரத்துக்குள் வந்தால் பகடை போடு. ஒன்று, இரண்டு: ஒளிந்துகொள். மூன்று, நான்கு: சுடு. ஐந்து, ஆறு: பாய்.' இப்படிப் பதினொரு வரிகள். எழுதியவர் இவருடைய அண்ணன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். அந்த அட்டையும் டிப்போ அட்டவணை மாதிரியே கோடு போட்டு, சுத்தமாக இருக்கும்.

அந்தக் காலத்தில் மலைக்காரர்களை ஆடியது அவர்தான். தனக்கு ஞாயிறு டூட்டி விழுந்தால் தம்பி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்றுதான் அட்டையை எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒருநாள் தன் தலைவன் உயிர் தப்ப அவர் போட்ட பகடை மலை ஓரத்தில் சாய்ந்து நின்றது. மேலே ஆறு மாதிரித்தான் தெரிந்தது. சாய்ந்தால் மறுபடி போட வேண்டும், அதுதான் விதி என்றார் இவர். மறுபடி போட்டார், ஒன்று விழுந்தது. அவர் மூன்று மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய மலைக்காரத் தலைவன் செத்தான். இவர் அவனை எடுத்து டொக்கென்று பெட்டியில் போட்டார். அண்ணன் பாதி டீயை வைத்துவிட்டுப் போனவர், அப்புறம் வரவே இல்லை.

அதற்கு முந்தைய வாரம் இவருடைய பகடையும் அப்படித்தான் சாய்ந்து நின்றது. "ஆறுதான், போ" என்று அவர் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார். நான் பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் என் ஓரகத்தி, அந்த அண்ணனின் மனைவி, போன் செய்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டு, அடுத்த மாதம் வெளிநாட்டில் இருக்கிற மகளோடு போய்விடுகிறார்களாம். திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். இவரிடம் சொன்னேன். எழுந்து போய் யாருடைய பல் செட்டையோ தேய்த்தார்.

இந்த ஞாயிறு ஆட்டம் பாதியில் நின்றது. பட்டாளத்துக் கேப்டன் அடிபட்டு ஓடை ஓரத்தில் கிடந்தான், மலைக்காரர்களின் பாறைக்கு நேர் கீழே. எப்போதும் விழுந்தவனைத் தூக்கப் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். இன்று மிச்சப் பட்டாளம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது. தனியாக விழுந்து கிடப்பவனை என்ன செய்வது என்று அட்டையில் வரி இல்லை.

"நீங்களே ஒண்ணு முடிவு பண்ணுங்களேன்" என்றேன்.

"நான் முடிவு பண்ணினா எனக்குச் சாதகமாத்தான் போகும்."

"அன்னைக்கு அப்படித்தானே போச்சு."

அவர் பகடையை எடுத்துத் துடைத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்பது வருடமாக ஓர் அட்டையோடு குடும்பம் நடத்துகிற மனிதரைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"மாமா, நான்தான். கேப்டன் அடிபட்டு ஓடைகிட்ட கிடக்கான். கூட யாரும் இல்ல. உங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க?"

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"பாலம் யார்கிட்ட?" என்றார்.

"உங்ககிட்ட."

"துப்பாக்கி அவன் கைக்கு எட்டுமா?"

நான் குனிந்து பார்த்தேன். "எட்டாது மாமா."

"அப்போ எழுதிக்கச் சொல்லு. பன்னெண்டாவது வரி. விழுந்து கிடக்கிறவனைச் சுடக் கூடாது. அவனா வாயைத் திறந்து கேட்டா தண்ணி கொடுக்கணும். பகடை வேண்டாம்."

இவர் பென்சிலை எடுத்து எழுதினார். கோடு போட்ட அட்டையில் எழுத்து கோணலாக விழுந்தது. பல்லுக்கு நடுவே மயிரிழை இடைவெளி பார்க்கிற கை அது.

"கேக்கலைன்னா?" என்றேன்.

"கேக்கலைன்னா அப்படியே கிடக்கட்டும். ஒம்பது வருஷமாக் கிடக்கிறவன்தானே."

இவர் போன் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, அதுக்கு முந்தின வாரம் என் பகடையும் சாஞ்சுதான் நின்னுச்சு. நீ விட்டுக்கொடுத்த." பென்சிலை அட்டைமேல் வைத்தார். "அன்னைக்கே எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

மறந்துவிட்டார் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"தலைவன் எங்க?" என்றது போன்.

"பெட்டியில."

"எடுத்துப் பாறை மேல வை. புதன்கிழமை வர்றேன். அதுவரைக்கும் எவனும் நகரக் கூடாது."

மறுநாள் நாற்பது சட்டைகளுக்குத் துணி வெட்ட வேண்டியிருந்தது. மேஜையைத் தொடவில்லை. தரையில் விரித்து, மண்டியிட்டு, புதன் வரைக்கும் அப்படியே வெட்டினேன். முட்டி வலியில் உயிர் போயிற்று. யாரையும் திட்டவில்லை.