ஐந்து சரத்துக்கு ஒரு கழுத்து

சேலத்தில் பரிமளா குடியிருந்த ஹவுசிங் யூனிட்டில், கோத்து முடித்த மணிமாலையை யாரும் பிரிக்க மாட்டார்கள். மாலை பொருந்தாவிட்டால் கழுத்தை மாற்றிக்கொள்வார்கள்.

மகள் தாரணியின் நிச்சயத்தை ஒட்டித்தான் பரிமளாவுக்கு அந்த ஆசை வந்தது. சென்னையில் ஒரு டிசைனர் செய்த ஐந்து சர மாலையைச் செல்போனில் பார்த்துவிட்டாள். சாம்பார் கொதிக்கும்போதுகூட அதே நினைப்பு. விலையைப் பார்த்த கணவர் ராஜகோபால், "இது என்ன பெரிய வித்தை, வீட்டுலயே கோத்துரலாமே" என்று ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார். கோக்கப் போவது அவர் இல்லை.

கடைவீதியில் பச்சைக் கண்ணாடி மணியும் பொடி முத்தும் வாங்கி வந்தாள். உருண்டு ஓடாமல் இருக்கத் தாம்பாளத்தில் பழைய துண்டை விரித்து அதில் கொட்டினாள். ஊசி நுழையாத மணிக்கு, நூல் நுனியை நெயில் பாலிஷில் தோய்த்துக் காயவைத்தாள். அது விறைத்துக்கொண்டு தானே ஊசியாகிவிட்டது. அளவுக்குத்தான் திண்டாட்டம். மாலை போட்டிருந்த பெண்ணின் படத்தை டிவியில் போட்டு, முகம் தன் முகத்தளவு வரும்வரை பெரிதாக்கி, திரைமேலேயே டேப் வைத்து அளந்தாள். முகம் சரியாகத்தான் வந்தது. கழுத்துதான் அந்தப் பெண்ணுடையது.

போட்டுப் பார்த்தாள். ஐந்து சரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்த மாதிரி கிடந்தன.

"மேல் வீட்டு எஸ்தர் டீச்சரைக் கேளேன். நல்ல நீளமான கழுத்து" என்றார் ராஜகோபால்.

எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கேட்டவுடனே சம்மதித்தாள். "தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஒண்ணே ஒண்ணு, அது நிமிர்ந்தே பழகிருச்சு. யார் என்ன கேட்டாலும் ஆடாது."

நிச்சயத்தன்று காலையில் இருவரும் மாற்றிக்கொண்டார்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் சுலபமாகக் கழன்று வரும், கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். பரிமளாவின் கழுத்தை மாட்டிக்கொண்டு டீச்சர் மாடி ஏறினாள். மாலை சரம் சரமாக அழகாகப் படிந்தது. பரிமளாவுக்குத் தன்னைப் பார்க்கத் தனக்கே பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா தலையாட்டினால்தான் தட்டு மாற்றுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா கோமதி மெதுவாகத் தொடங்கினாள்.

"பொண்ணு வக்கீலுக்குப் படிக்குது. கல்யாணத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கோம். சம்பந்தியம்மா என்ன சொல்றீங்க?"

தாரணி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை இல்லை. மாமியார், நாத்தனார், சீட்டுக்காரர் என்று யார் என்ன சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டுகிற தலை அது. நியாயமாகச் சொன்னால், பரிமளா இப்போதும் ஆட்டத்தான் பார்த்தாள். பழக்கம் விடுமா? கழுத்து அசையவில்லை. இன்னொரு முறை முயன்றாள். ஒரு மணிகூட ஆடவில்லை.

கூடமே காத்திருந்தது. ஆடாத தலைக்கு வாய்தான் பதில் சொல்லியாக வேண்டும். பரிமளாவுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"அவ படிச்சு முடிக்கட்டுங்க" என்றாள்.

சொன்ன பிறகு பயம் போகவில்லை. ஆனால் கூடவே அப்படி ஒரு சந்தோஷம். மாப்பிள்ளையின் அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து சமையலறைக்கு வந்தாள். பரிமளாவும் பின்னாலேயே போனாள்.

"அந்தக் கேள்வி என்னோடது இல்லைங்க. அவர் கேக்கச் சொன்னார், கேட்டேன்" என்றாள் கோமதி. "எனக்கும் பொண்ணு படிக்கணும்னுதான். நீங்க சொல்லிட்டீங்க. நான் அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்த முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். தலைக்கும் தோளுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பின்னால் இருந்த பருப்பு டப்பா தெரிந்தது.

"தாலி கட்டறப்போ நீட்டுனது. அவங்க வீட்டுலயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. நானும் திருப்பிக் கேக்கலை" என்றாள். "தலை ஏதோ பழக்கத்துல நிக்குது."

"அப்ப மணியிலயே ஒரு கழுத்து கோத்துத் தரட்டுங்களா? மீந்தது நெறைய இருக்கு."

"தட்டு மாத்தறதுக்குள்ள ஆயிடுமா?"

"ஆயிடும். மேலயும் கீழயும் ஆடற மாதிரி வேணுங்களா?"

கோமதி கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாங்க. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடினாப் போதும்."

அதற்குக் கொஞ்சம் கெட்டியான நூலாகப் போட வேண்டும் என்றாள் பரிமளா.